ஏர் ஃபில்டரை மாற்றும் முன் ஆர்.சி.யையும் பாருங்கள்

காருக்கு வேறு இன்ஜின் போட்டாச்சு, இல்லையென்றால் பழைய இன்ஜினிலேயே டர்போ ஏற்றியாச்சு. அடுத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் பேச்சு இதுதான்: "சார், கம்பெனி ஃபில்டர் டப்பாவைக் கழட்டிட்டு கோன் ஃபில்டர் போட்டுடலாம். வண்டி சும்மா பறக்கும்!"

ஃபில்டருக்கு முன்னால் இன்ஜினைப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. இன்ஜினை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வாங்கி, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். விதியை மீறிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது 182ஏ பிரிவு. ஆர்.சி.யில் ஏர் ஃபில்டருக்கென்று தனி வரி கிடையாது. ஆனால் அதை மாற்றினால் புகையும் சத்தமும் மாறும். அந்த வரம்புகளைத் தாண்டினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

இனி ஃபில்டர். 1,200 சி.சி. பெட்ரோல் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 3,600 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். அதனால் ஃபில்டரின் அளவு இன்ஜினின் தேவைக்குப் பொருந்த வேண்டும். கடையில் பளபளவென்று இருக்கிறதே என்று வாங்கினால் சரிவராது.

பலரும் கவனிக்காத விஷயம் சென்சார். உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார், கம்பெனிக் குழாயின் விட்டத்துக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது. அதையே அகலமான குழாயில் பொருத்தினால், வரும் காற்றைக் குறைவாகக் காட்டும். இ.சி.யூ.வும் அதை நம்பி பெட்ரோலைக் குறைத்துவிடும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கு தவறினால், லோடு ஏறும்போது இன்ஜின் தட்டும்; பிஸ்டனுக்கே ஆபத்து. ஆகவே குழாயை மாற்றினால் இ.சி.யூ. டியூனிங்கும் செய்தாக வேண்டும். எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டர் என்றால் எண்ணெய் கொஞ்சம்தான். அதிகமானால் சென்சார் கம்பியில் படிந்து அதே கோளாறு வரும்.

பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர் இன்ஜின் சூட்டைத்தான் உறிஞ்சும். 30 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 60 டிகிரிக் காற்று சுமார் 9 சதவீதம் அடர்த்தி குறைந்தது. பவருக்குப் போட்ட ஃபில்டர் பவரைக் குறைக்கும். சுற்றித் தடுப்புப் பெட்டி கட்டி, வெளிக்காற்று வர வழி விடச் சொல்லுங்கள். அதற்காகக் குழாயை பம்பருக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை அது இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கிராங்க்கேஸிலிருந்து வரும் பிரீதர் குழாய் பழைய டப்பாவில் சேர்ந்திருக்கும். அதை வெளியே தொங்கவிட்டால் எண்ணெய்ப் புகை நேராகக் காற்றில் கலக்கும். புதிய குழாயில் ஃபில்டருக்குப் பின்னால், காற்று கசியாமல் இணைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் புகைப் பரிசோதனை செய்யுங்கள். ஆனால் அந்தச் சான்றிதழ், அனுமதி இல்லாமல் மாற்றிய இன்ஜினைச் சட்டப்படி ஆக்கிவிடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றங்களை எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் சமயத்தில் அதையே காரணம் காட்டலாம். கழட்டிய கம்பெனி டப்பாவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பில்லோடு வீட்டில் வையுங்கள். வண்டியை விற்கும்போது அதைக் கேட்பார்கள்.