திரைப்படத் தரவும் சிறு நிரல் நூலகமும்

மேலைக் கரையிலே, சிலாபத்துக்கு அணித்தாயுள்ள முன்னேஸ்வரம் ஈழத்துப் பழஞ் சிவத்தலங்கள் ஐந்தனுள் ஒன்று என்பதை யாவரும் அறிவர். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழிபடும் இத்தலத்துக்கு வரும் அடியவர் எவரும் கருவறையுள் நேரே புகுவதில்லை. சீட்டுப் பெற்று, பெயரும் நட்சத்திரமுங் கூறி, அருச்சனைத் தட்டை நீட்டுவர். குருக்கள் உள்ளே சென்று பூசை செய்து பிரசாதத்துடன் மீளுவர். தட்டில் வைக்க வேண்டியவை எவை என அறியாதவருக்கு, வெளியே உள்ள கடைக்காரர் தேங்காய், பழம், வெற்றிலை, பூ, கற்பூரம் யாவற்றையும் முறைப்படி அடுக்கித் தருவார்.

கணினித் துறையில் ஏ.பி.ஐ. என வழங்கும் இடைமுகத்தின் இயல்பும் ஏறத்தாழ இதுவே. பெருந் தரவுக் களஞ்சியம் ஒன்றினுள் அயலார் நேரே புகவியலாது. குறித்த வடிவில் விண்ணப்பஞ் செய்யின், குறித்த வடிவில் விடை வரும். அவ்விண்ணப்பத்தை முறைப்படி அடுக்கித் தரும் கடைக்காரர் போன்றதே நிரல் நூலகம். பல பணிகளை ஒருங்கே சுமக்கும் பெருநூலகங்களும் உள. ஒரே களஞ்சியத்தை வினவுதற்கென எழுதப்பட்ட, ஒரே கோப்பில் அடங்கும் சிறுநூலகங்களும் உள. கைத்தொலைபேசியில் மெதுவான இணைப்புடன் பயில்வோர்க்குப் பின்னையதே உகந்தது.

திரைப்படத் தரவுக் களஞ்சியங்களுள் பெரிதும் பயன்படுவது தி மூவி டேட்டாபேஸ் என்பதாகும், சுருங்க டி.எம்.டி.பி. என்பர். 2008 முதல் தன்னார்வலர் பலர் எழுதிச் சேர்த்த தரவே இதன் செல்வம். இதனை வினவுவோர் முதலில் ஒரு திறவுகோல் பெறல் வேண்டும். அஃது அருச்சனைச் சீட்டுப் போல்வது. அதன்பின், களஞ்சியத்தின் அடிமுகவரி, இடைமுகத்தின் பதிப்பெண் 3, தேடலைக் குறிக்குஞ் சொல், திறவுகோல், தேடும் பெயர் ஆகியவற்றை ஒரு முகவரியாகக் கோத்து அனுப்புதல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சிறுநூலகம் திறவுகோலையும் அடிமுகவரியையும் ஒருமுறை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பின்னர்ப் படத்தின் பெயரை மட்டும் கொடுத்தல் போதும். விடை வந்தால் செய்யத்தக்கது ஒன்று, வழு நேர்ந்தால் செய்யத்தக்கது ஒன்று என இரு செயற்கூறுகளையும் உடன் கொடுத்துவிட்டால், விடை வருங்காறும் நிரல் காத்துக் கிடவாது பிற பணிகளைச் செய்துகொண்டிருக்கும். (திறவுகோலை உலாவியிற் செல்லும் நிரலில் எழுதினால் அதனை எவரும் படிக்கலாம் என்பதை மாணவர் பலர் மறந்துவிடுகின்றனர்.)

விடை ஜேசன் என்னும் எளிய வடிவில் வரும். மொத்தம் எத்தனை படங்கள் என்ற எண்ணும், பக்கத்துக்கு 20 ஆகப் படங்களின் பட்டியலும் அதில் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், மூலப்பெயர், மூலமொழி, வெளியான நாள், கதைச்சுருக்கம் முதலியன தரப்படும்.

இதுகாறுங் கூறியவை எம்மொழிக்கும் பொது. தமிழிற் பெயரெழுதித் தேடப் புகுவார்க்கு வேறோர் இடர் உண்டு. இணைய முகவரியில் தமிழெழுத்து அவ்வாறே செல்லாது. ஒவ்வொரு குறியும் மூன்று பைற்றுகளாகி, ஒவ்வொரு பைற்றும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்றெழுத்தாக விரியும். 'பொன்மணி' என்னும் பெயர் ஏழு குறிகளால் ஆயது. முகவரியில் அது 63 எழுத்தாகின்றது. இவ்விரிப்பை நிரலே செய்துவிடும். ஆயின் 'பொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வெவ்வேறு சொற்கள். இவற்றை ஒருவடிவாக்கும் 'நோர்மலைஸ்' என்னும் வினை 2015 முதல் ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணத்திலேயே அமைந்துள்ளது. வினவுமுன் அதனை ஒருமுறை அழைத்துக்கொள்வது நன்று. ஆங்கில எழுத்தில் பெயரைத் தருவதாயின் இடர் மிகும். முன்னேஸ்வரம், முன்னீச்சரம் என ஒரு தலத்துக்கே இரு வழக்கு உளவாக, 'வாடைக்காற்று' என்னும் பெயரை எத்தனை வகையாக ஆங்கிலத்தில் எழுதலாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மூலப்பெயரோடு மொழிபெயர்த்த பெயர்களையும் மாற்றுப்பெயர்களையுங் களஞ்சியம் தேடிப்பார்க்கும். ஆனால் அம்மாற்றுப்பெயர்களை யாரேனும் முன்னரே எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

இனி, இப்பொருளில் மிகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தேடிய படம் களஞ்சியத்தில் இல்லையாயின் யாது நிகழும்? திறவுகோல் பிழையாயின் 401 என்னும் வழுவெண் வரும்; இல்லாத முகவரிக்கு 404 வரும். ஆனால் படம் அகப்படாமை வழுவன்று. மொத்தம் 0 என்ற எண்ணும் வெறும் பட்டியலும் வெற்றியான விடையாகவே வரும். நூலகமும் வெற்றிக்குரிய செயற்கூற்றையே அழைக்கும். அவ்விடத்தே 'இப்படியொரு படம் இல்லை' எனத் திரையில் எழுதிவிடுவது நிரலெழுதுவோரின் வழக்கம். அக்கூற்று உண்மையன்று. களஞ்சியம் கூறியது தன்னிடம் பதிவில்லை என்பது மட்டுமே.

ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு சிறிதன்று. 1962 இல் வெளியான 'சமுதாயம்' தொடக்கம், வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாண வாழ்வை வைத்து இயக்கிய 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) எனத் தொடரும் வரிசை நீண்டதன்று. கொழும்பிலிருந்து முன்னேஸ்வரஞ் செல்லும் கரையோரப் பெருந்தெருவுக்கு அணித்தாய், வத்தளையை அடுத்த ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ 1983 ஆடிக் கலவரத்தில் தீக்கிரையாயிற்று. படச்சுருள்களும் உடன் எரிந்தன. சுருள் அழிந்த படத்துக்குப் பெயரும் ஆண்டும் நடித்தார் பட்டியலுமே எஞ்சும். தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்னும் நூலில் இவற்றைத் தொகுத்தார். ஆயின் நூலிலுள்ளது தானே களஞ்சியத்துட் புகாது. இந்நிலையில் 'இல்லை' என எழுதும் நிரல், எரிந்ததை இரண்டாம் முறையும் எரிப்பது போலாகின்றது.

பதிவு இருந்தும் மறைந்து கிடத்தல் மற்றொன்று. மூலமொழி தமிழ் என்று மட்டும் கேட்பின் சென்னைப் படங்களின் திரளில் ஈழத்துப் படம் அமிழ்ந்துபோம். நாடு இலங்கை என்று மட்டும் கேட்பின் சிங்களப் படங்களே நிறைந்து வரும். மொழி, நாடு ஆகிய இரு வரையறைகளையும் ஒருங்கே இட்டுக் கேட்கும் வசதி தேடலில் இல்லை. 'டிஸ்கவர்' என்னும் வேறு வாயிலில் உண்டு. மொழிக்குத் தமிழின் ஈரெழுத்துக் குறியும், நாட்டுக்கு இலங்கையின் ஈரெழுத்துக் குறியும் இடல் வேண்டும். 'பொன்மணி' போன்ற படத்துக்கு நாட்டைக் குறிக்கத் தவறியிருப்பின் இவ்வாயிலிலும் அது தோன்றாது. அத்தகைய குறையைக் காண்பவர், கணக்கொன்று தொடங்கி, படத்தின் பக்கத்திலே நாட்டையும் தமிழெழுத்தில் மூலப்பெயரையும் ஆங்கில எழுத்தில் வழங்கும் மாற்றுப்பெயர்களையும் தாமே எழுதலாம். நிரலிலோ மாற்ற வேண்டியது ஒரு வரியே: விடையின் மொத்தம் 0 ஆயின், 'இப்படம் இக்களஞ்சியத்தில் இன்னும் பதியப்படவில்லை' என எழுதி, அருகே பதிவுப் பக்கத்துக்குச் செல்லும் இணைப்பை வைத்தல்.