விசிறியின் இரைச்சல்

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை அடுத்த ஒரு சிற்றறையில் தங்கிப் பயிலும் எமக்குச் சென்ற கோடையில் ஓர் இடையூறு நேர்ந்தது. யாம் எழுதுங்காலெல்லாம் அமைதியாய்ப் பணி புரிந்த எமது மடிக்கணினி, அதனைத் திறந்தபடியே விடுத்து யாம் ஓர் ஏட்டைக் கையிலெடுத்த சிறிது நேரத்திற்கெல்லாம் பேரிரைச்சல் இடத் தொடங்கும். அதன் மேற்புறம் கை வைக்க ஒண்ணாதபடி சுடும். அருகிற் சென்று ஒரு விசையைத் தொட்ட அளவில் இரைச்சல் மெல்லத் தணியும். மருத்துவரைக் கண்டவுடன் நோய் நீங்கியவன் போல் எழுந்தமரும் நோயாளியின் செயலை இஃது ஒத்திருந்தது.

கட்டுரை ஒப்புவித்தற்கு மூன்று வாரங்களே எஞ்சியிருந்தமையின், அச்சமுற்று அதனைப் பழுது பார்க்கும் கடை ஒன்றிற்குக் கொண்டு சென்றோம். கடையினர் பத்து நிமிடம் தட்டிப் பார்த்து, "விசிறி போய்விட்டது, தம்பி, மாற்றத்தான் வேண்டும்" என்று கூறி, எமது ஒரு திங்கள் உணவுச் செலவை ஒத்த தொகையைக் கேட்டனர். அத்தொகை எம்மிடம் இல்லாமையே எமக்கு நன்மையாய் முடிந்தது.

விசிறியின் இரைச்சல் பெரும்பாலும் நோயன்று, நோயின் குறியேயாம். மடிக்கணினிக்கு மூளையாய் அமைந்த பிராசஸரினுள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை நிலை மாறுந்தோறும் சிறிது மின்னாற்றல் வெப்பமாய் வெளிப்படும். வேகம் கூடினால் வெப்பமும் கூடும். அவ்வேகத்தைத் தாங்குதற்கு மின்னழுத்தத்தையும் உயர்த்த நேர்தலின், அவ்வழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப வெப்பம் பின்னும் மிகும். ஆதலின் வேகம் சிறிது ஏறினும் வெப்பம் பெரிதும் ஏறிவிடுகின்றது. மடிக்கணினிப் பிராசஸர்களுட் பல, 100 பாகை செல்சியஸை நெருங்குங்கால் தம்மைக் காத்தற்பொருட்டுத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அந்நிலை வாராதிருக்கவே விசிறி விரைந்து சுழல்கின்றது.

சென்னைவாசிகளாகிய நாம் இன்னும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். விசிறி குளிர்ச்சியைப் படைப்பதன்று; அறைக்காற்றைத் தள்ளுதலே அதன் தொழில். 20 பாகை வெப்பமுள்ள அறையில் 70 பாகையில் நிற்கும் பிராசஸர், அதே உழைப்பை 35 பாகையுள்ள அறையில் மேற்கொள்ளுமாயின் ஏறத்தாழ 85 பாகையில் நிற்கும். குளிர்நாட்டில் எவரும் அறியாதபடி நடந்தேறும் சிறு வேலை, 2003 மே மாதத்தில் 45 பாகை கண்ட இந்நகரத்திலே பெருங்கூச்சலாகின்றது. அடையாற்றிலும் மயிலையிலும் பிற்பகலிற் கடற்காற்று வந்து சிறிது ஆறுதல் தரும். தியாகராய நகரத்து நெருங்கிய தெருக்களிலோ அதுவும் தளர்ந்தே நுழையும். கருவியை மெத்தையின்மேல் வைத்து எழுதுவோர் அதன் அடியிலுள்ள காற்றுத் துளைகளைத் தாமே அடைத்துவிடுகின்றனர்.

இனி, யாம் தொடாத வேளையில் உழைத்தது யார்? விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மானேஜர் தோன்றும். அதில் சி.பி.யு. என்னும் தலைப்பைச் சொடுக்கின், மிகுதியாய் உழைக்கும் நிரல் முதலில் வந்து நிற்கும். அதனைத் திறந்து வைத்து, கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தோம். மூவர் அகப்பட்டனர்.

அத்திங்களில் யாம் கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து பழைய பதிப்புகள் பலவும், 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் இறக்கி, ஒன்டிரைவ் அடைவினுள் நிரப்பியிருந்தோம். ஒவ்வொரு கோப்பையும் ஒன்டிரைவ் தொலைவிடத்திற்கு ஏற்றியது. வைரஸ் காவலன் திறந்து சோதித்தது. தேடலுக்குச் சொல்லடைவு அமைக்கும் சர்ச் இண்டெக்ஸர் அதனையே மறுபடியும் திறந்து படித்தது. மின்னூலகத்து நூல்களுட் பல வெறும் பக்கப் படங்களாதலின், அவற்றைத் திறந்து இண்டெக்ஸர் பெற்ற பயன் யாதுமில்லை. மதுரைத் திட்டத்தின் நூல்களோ முழுதும் எழுத்தாய் அமைந்தவை. அவற்றை அது எம்மினும் ஊக்கத்துடன் படித்தது என்னலாம். இண்டெக்ஸர் நாம் தட்டெழுதுங்கால் ஒதுங்கி, நாம் ஓய்ந்தபின் முனைந்து உழைக்குமாறு அமைக்கப்பட்டது. கடையினர் விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தமையின் குற்றவாளியைக் காணாராயினர்.

பட்டியலைப் படிப்போர் மயங்கும் இடங்கள் இரண்டு. 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்பது 95 விழுக்காடு காட்டின் அஞ்சற்க; அது பிராசஸர் வாளாவிருக்கும் அளவேயாம். மற்றொன்று இதன் மறுதலை. எட்டு இழைகளில் உழைக்கவல்ல பிராசஸரில், ஒரே இழையை முழுதும் பற்றிய நிரல் ஏறத்தாழ 12 அல்லது 13 விழுக்காடே காட்டும். எண் சிறிதெனினும், அவ்வோர் இழைக்காகப் பிராசஸர் தன் உச்ச வேகத்திற்கு ஏறுமாதலின் வெப்பம் சிறிதன்று.

பரிகாரம் எளிதே. நூலடைவை இண்டெக்ஸரின் எல்லையினின்று நீக்கினோம். ஒன்டிரைவை 2, 8, 24 மணி நேரங்களுக்கு நிறுத்திவைக்க இடமுண்டு. கட்டுரை எழுதும் பொழுதில் அதனைக் கையாண்டோம். மின் அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலையை 100 இலிருந்து 99 விழுக்காடாக்கினால் பெரும்பாலான கருவிகளில் அதன் மிகைவேகம் நின்றுவிடும். வேலை சற்றே தாமதிக்கும். இரைச்சல் பெரிதும் அடங்கும். வைரஸ் காவலனை மாத்திரம் நிறுத்தினோமில்லை. கணினியை விரைவாக்குவோம் என்று விளம்பரம் செய்யும் நிரல்களையும் நாடினோமில்லை. அவையும் மறைவில் அமர்ந்து உழைப்பனவே.

மறைவில் உழைப்பன யாவும் நம் பொருட்டே உழைப்பன என்றும் கொள்ளற்க. 2017 இல் தோன்றிய காயின்ஹைவ் என்னும் நிரல், இணையப் பக்கத்தைப் பார்ப்போரின் பிராசஸரைக் கொண்டு பிறருக்கு மறைநாணயம் ஈட்டிற்று. 2018 பிப்ரவரியில், பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டும் ஒரு துணைநிரலின் வழியாக அது நாலாயிரத்திற்கு மேற்பட்ட தளங்களிற் புகுந்தது. அவற்றுள் பிரிட்டிஷ் அரசாங்கத் தளங்களும் இருந்தன. 2019 மார்ச்சில் காயின்ஹைவ் மூடப்பட்டதெனினும், அத்தொழில் மறையவில்லை. ஒரு பக்கத்தை மூடியவுடன் இரைச்சல் அடங்குமாயின், ஐயம் அப்பக்கத்தின் மேலதாகுக.

2011 முதல் அரசாங்கம் வழங்கிய விலையில்லா மடிக்கணினியைத் தமையன்மாரிடமிருந்து பெற்று ஆளும் நண்பர்களும் நம்மிடையே உளர். அவற்றுட் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னை நிலையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அதனை ஆள்வோர் டெர்மினலைத் திறந்து 'டாப்' என்னும் கட்டளையை இட்டால் இதே பட்டியலைக் காணலாம்.

எமது கருவியின் விசிறி மாற்றப்படவில்லை. கட்டுரையும் குறித்த நாளில் ஒப்புவிக்கப்பட்டது. சித்திரை நண்பகலில் விசிறி இன்றும் சிறிது இரைவதுண்டு. அப்பொழுது பட்டியலைத் திறந்து நோக்கின் அங்கே உழைப்பார் எவருமிலர்; அறைதான் கொதித்துக்கொண்டிருக்கும்.