கட்டுவதற்குப் பணமுண்டு, காப்பதற்கு?

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடு தஞ்சை வயல்களை நோக்கிச் செல்கிறது. வடகிளை கொள்ளிடமாகி வெள்ளநீரைக் கடலுக்குக் கொண்டு செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணலால் மேடிட்டது. தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்திலேயே பாய்ந்தோட, தஞ்சை உழவர் தவித்தனர். இக்குறையைப் போக்க ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அன்று தொட்டுப் பல தலைமுறைகளின் சோற்றுக்கு அது காவலாய் நின்றது.

2018-ஆம் ஆண்டு ஜூலையில் மேட்டூர் அணை தன் முழு உயரமான 120 அடியை எட்டியது. வெள்ளம் பெருகி வந்தது. ஆகஸ்ட் 22-ஆம் நாள் இரவு கொள்ளிட மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. நூறாண்டுக்கு மேற்பட்ட முதுமையையும் வெள்ளத்தின் வேகத்தையும் அரசு தரப்பினர் காரணமாகக் கூறினர். மணற்கொள்ளையும் பராமரிப்பின்மையுமே காரணம் என்று விவசாயிகள் குற்றஞ்சாட்டினர். உடைப்பை அடைக்க மணல் மூட்டைகளும் பாறைகளும் குவிக்கப்பட்டன. பின்னர் 387 கோடியே 60 இலட்சம் ரூபாய் மதிப்பீட்டில் புதிய கதவணை எழுந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. முக்கொம்பு உடைவதற்கு எட்டு நாள் முன்னர், 1967-இல் திறக்கப்பட்ட ஒரு பெரும்பாலம் இத்தாலியின் ஜெனோவா நகரில் இடிந்து விழுந்து 43 உயிர்களைப் பலிகொண்டது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும், மினியாபொலிஸ் நகரில் 2007 ஆகஸ்ட் முதல் நாள் ஆற்றுப்பாலம் ஒன்று சரிந்து 13 பேர் மாண்டனர். ஆகவே, பணமிருந்தால் மட்டும் போதாது. அதை எதற்கு முதலில் செலவிடுவது என்ற தெளிவும் வேண்டும்.

கணக்கேட்டின் கதை

அரசின் செலவுகள் இருவகைப்படும். புதிதாக ஒன்றைக் கட்டினால் அது மூலதனச் செலவு. கட்டியதைப் பழுதுபார்த்தால் பெரும்பாலும் அது வருவாய்ச் செலவு. ஊதியம், ஓய்வூதியம், கடன் வட்டி ஆகியவையும் இந்த இரண்டாம் வகையிலேயே அடங்குகின்றன. இவற்றில் எதையும் எளிதில் குறைக்க இயலாது. சிக்கனம் தேவைப்படும்போது, வாய் திறந்து முறையிடாத பராமரிப்பின் மீதே கத்தி விழுகிறது. திட்டச் செலவு, திட்டமில்லாச் செலவு என்ற பாகுபாடு 2017 வரை நம் நாட்டில் இருந்தது. பராமரிப்பு பெரும்பாலும் திட்டமில்லாச் செலவில் சேர்ந்ததால், ஏதோ வீண்செலவு என்பது போன்ற தாழ்வு அதற்கு ஏற்பட்டது. அப்பாகுபாடு நீங்கிவிட்டது, மனப்பான்மை நீங்கியதா?

மேலும், புதிய பாலத்திற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. துருவேறிய மதகுக்கு எண்ணெயிட்டு வண்ணம் பூசியதற்கு எவரும் விழா எடுப்பதில்லை. காலத்தே பராமரிப்புக்குச் செய்யாத ஒரு ரூபாய்ச் செலவு, பின்னர் பழுதுபார்க்க ஐந்து ரூபாயாகவும், அதற்கும் பின்னர் புதுப்பிக்க இருபத்தைந்து ரூபாயாகவும் வளரும் என்று 1984-இல் டி சிட்டர் என்ற அறிஞர் கான்கிரீட் கட்டுமானங்களைப் பற்றி எச்சரித்தார். மழைக்கு முன் ஓடு மாற்றும் இல்லத்தரசிக்கு இக்கணக்கு புதிதன்று.

புதியன வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. பாலமில்லா ஊருக்குப் பாலமும், குடிநீரில்லாத் தெருவுக்குக் குழாயும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு புதுக் கட்டடமும் அதைக் காக்கும் கடமையையும் உடன் கொண்டுவருகிறது. அக்கடமைக்கு நிதி ஒதுக்காமல் கட்டுவது, பிள்ளைகளின் பெயரில் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.

முன்னோர் முறையும் இன்றைய வழியும்

நம் சிற்றூர்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. கோடையில் ஊரார் கூடி ஏரியைத் தூர்வாருவர், கரையை உயர்த்துவர், வாய்க்காலைச் செப்பனிடுவர். இதனை நிலைநிறுத்த 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றப்பட்டது. தேய்ந்துபோன இம்முறைக்குத் தமிழக அரசு 2017-இல் மீண்டும் உயிரூட்ட முயன்றது. எனினும் பேராற்றின் கதவணையை ஊரார் மண்வெட்டியால் காக்க முடியாது. அது அரசின் பொறுப்பே. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பராமரிப்புக்கென்று போதிய நிதியைத் தனியே ஒதுக்க வேண்டுமென ஆணையிடுகிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவற்றையும் மட்டுமே தழுவுகிறது. உயரம் குறைந்த கதவணைகளும், மதகுகளும், பாலங்களும் அந்தக் காப்புக்கு வெளியே நிற்கின்றன.

இந்நிலையில் குடும்பங்களாகிய நாம் செய்யத்தக்கது என்ன? ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. 'எங்களூருக்குப் புதிதாக என்ன வரும்?' என்று அங்கே கேட்கிறோம். 'இருக்கும் மேல்நிலைத் தொட்டியை எப்போது சோதித்தீர்கள்? பள்ளிக் கட்டடத்தின் கூரைக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு செலவிட்டீர்கள்?' என்றும் கேட்போம். விடை கிடைக்காவிடில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு வெள்ளைத் தாளும் சிறு கட்டணமும் போதும். வாக்குக் கேட்டு வருவோரிடமும் இதே வினாவை வைப்போம். காப்பதைப் பற்றி மக்கள் கேட்கத் தொடங்கினால், ஆள்வோரும் அதற்குக் கணக்கில் இடம் தேடுவர்.