மூன்று முடித் தலையர்கள்

ஓவிய வகுப்பில் ஒரு நாள் நூலகத்துப் பெரிய புத்தகம் ஒன்றைப் புரட்டிக் கொண்டிருந்தோம். ஒரு பக்கத்தில் கறுப்பு மையாலான விந்தை உருவங்கள்! பூசணிக்காய் போன்ற தலை. அதன்மேல் மூன்றே முடி. துதிக்கை போல் மூக்கு. வாய் நிறைய ரம்பப் பற்கள். ஓரத்தில் ஒரு நட்சத்திரம். வகுப்பே சிரித்துவிட்டது. "என் தங்கை இதைவிட நன்றாக வரைவாளே!" என்றாள் ஒருத்தி. கீழே பெயரைப் பார்த்தோம்: ஜுவான் மீரோ. 'பார்சலோனா வரிசை' என்னும் ஐம்பது கல்லச்சுப் படங்களுள் ஒன்று அது.

கல்லில் எப்படி அச்சிடுவது? எங்களுக்கும் முதலில் விளங்கவில்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது சமையலறையில் நிற்கும் எவருக்கும் தெரியும். கல்லச்சின் இரகசியம் அவ்வளவே. 1796-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த குச்சியால் வரைகிறார்கள். பிறகு பிசினும் சிறிது அமிலமும் கலந்த நீரைப் பூசுகிறார்கள். கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால், கோடு உள்ள இடத்தில் மை பற்றும். ஈரமான இடத்தில் பற்றாது. தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். ஆனால் இடம் வலமாகிவிடும்! மீரோ இவ்வரிசைக்குத் தனிவகைத் தாளில் வரைந்தார்; அச்சுக்கூடத்தில் அதைக் கல்லுக்கு மாற்றினார்கள். அதனால் அவர் வரைந்தபடியே படம் வந்தது.

அச்சிட்டதெல்லாம் நகல்தானே என்று கேட்கலாம். அப்படியல்ல. அச்சுக்காகவே ஓவியர் தம் கையால் வரைந்தது இது. இதற்கு வேறு மூலப் படம் கிடையாது.

மீரோ 1893-இல் பார்சலோனாவில் பிறந்தவர். பாரிஸில், கனவையும் அடிமனத்தையும் தீட்டிய சர்ரியலிஸ்டுகளோடு பழகியவர். 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் குடியரசு அரசின் மண்டபத்துக்காக, அரிவாள் ஏந்திய உழவனைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். 1939-இல் குடியரசு வீழ்ந்து பிராங்கோ ஆட்சிக்கு வந்தார். 1940-இல் ஜெர்மானியப் படை பிரான்சுக்குள் புகவே, மனைவியுடனும் மகளுடனும் மீரோ பிராங்கோவின் ஸ்பெயினுக்கே திரும்ப நேர்ந்தது! எதிர்த்தரப்புக்கு ஓவியம் தீட்டிய மனிதர் அங்கே எத்தனை அஞ்சியிருப்பார்? ஓசைப்படாமல் வாழ்ந்தார், வரைவதை மட்டும் விடவில்லை. அந்நாட்களில் உருவான இப்படங்களை 1944-இல் அவருடைய நண்பர் ஜுவான் பிராட்ஸ் வெளியிட்டார். அவர் தொழிலால் தொப்பிக் கடைக்காரர் என்பது எங்களுக்குப் பிடித்த செய்தி. சோதனைப் படிகள் நீங்கலாக, அச்சிட்டவை ஐந்தே தொகுதிகள்.

இவ்வளவும் அறிந்தபின் அப்பக்கத்தை மறுபடி திறந்தோம். அந்தப் பற்கள் இப்போது சிறிது பயமுறுத்தின. "இந்தத் தடியன் படைத்தலைவன்தான்" என்றாள் ஒரு தோழி. "இல்லையடி, மூக்கைப் பார், எங்கள் பக்கத்து வீட்டு மாமா!" என்றாள் மற்றவள். மீண்டும் சிரிப்பு. மணி அடிக்கும்வரை வழக்குத் தீரவில்லை.