பழைய காரின் சுழிக்கீறல்கள்

தலைநகரில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு முதன்முதலில் வாங்கும் கார் புதியதாக இருப்பதில்லை; பிறர் சில ஆண்டுகள் ஓட்டிக் கைமாற்றிய காராகவே இருக்கிறது. இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லவும், ஊரிலிருந்து வரும் பெற்றோரைப் புதுதில்லி ரயில் நிலையத்தில் எதிர்கொள்ளவும் அது போதுமானதன்றோ?

நாமும் அவ்வாறே கருநீல நிறத்துக் கார் ஒன்றை வாங்கினோம். வணிகரின் கொட்டகையில் மாலை நேரத்தில் கண்டபோது அதன் மேனி கண்ணாடியெனப் பளபளத்தது. நான்கைந்து முறை கழுவியான பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வெயிலில் நிறுத்திப் பார்த்தோம். கதிரவனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் எண்ணிறந்த மெல்லிய கோடுகள் தோன்றின. கீறல்கள் புதியவை அல்ல. விற்பனைக்கு முன் எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சினால் அவை நிரப்பப்பட்டிருந்தன. கழுவக் கழுவப் பூச்சு கரைந்தது, உண்மை வெளிப்பட்டது. இக்கீறல்கள் எவ்வாறு உண்டாகின்றன, வீட்டிலேயே அவற்றை எவ்வளவு தூரம் போக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை அதன் பிறகே நாம் கற்றுக்கொண்டோம்.

முதலாவதாக, இவை பெரும்பாலும் வட்டமானவை அல்ல. பலநாள் தேய்த்துத் துலக்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை விளக்கின்கீழ் பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். தட்டை நகர்த்தினால் வளையங்களும் உடன் இடம் மாறும். பல திசைகளிலும் ஓடும் கீறல்களுள், ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, ஏனையவை தென்படுவதில்லை. ஆதலின் நேர்க்கோடுகளும் சுழிபோல் காட்சியளிக்கின்றன. மேகமூட்டத்திலும் நிழலிலும் இவை மறைந்துவிடும். பழைய கார் வாங்கச் செல்வோர் நல்ல வெயிலிலோ, டார்ச் விளக்கின் ஒளியிலோ அதன் மேனியைப் பார்ப்பது நலம்.

இனி, இவற்றைக் கீறுவது யாது? தில்லியின் புழுதியே. நகரினூடே ஓடும் ரிட்ஜ் என்னும் பாறைத்தொடர் ஆரவல்லி மலையின் வடகோடியாகும். குவார்ட்சைட் என்னும் கடும்பாறையால் ஆனது. கோடையில் மேற்கிலிருந்து வீசும் 'ஆந்தி' இராஜஸ்தானத்து மணலைச் சுமந்து வருகிறது. கட்டட வேலைகளின் தூளும் உடன் சேர்கிறது. மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். 1812-இல் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்திற்கு 10, குவார்ட்ஸுக்கு 7, சன்னல் கண்ணாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை. கண்ணாடியையே கீறவல்ல துகள், பிசினால் ஆன கார்ப்பூச்சை விட்டுவைக்குமோ?

புழுதி தானே கீறுவதில்லை. அதை அழுத்தி இழுக்கும் துணியே கீறுகிறது. தில்லிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவர் வந்து, மாதச் சம்பளத்துக்கு வரிசையாகக் கார்களைத் துடைத்துச் செல்வதை நேயர்கள் அறிவர். ஒரே வாளி நீர், ஒரே துணி. பத்துப் பன்னிரண்டு கார்கள். முதல் காரின் மணல் கடைசிக் காருக்கும் போய்ச் சேருகிறது. எம் காரைத் துடைத்துவந்த இளைஞரை நாம் முதலில் சினந்துகொண்டோம். வேறு ஆள் வைக்கவும் எண்ணினோம். ஆயினும் சிந்தித்துப் பார்த்தால், அவருக்கு நல்ல துணி ஒன்று கொடுத்தவர் யார்? நாள்தோறும் துடைத்தாக வேண்டும் என்று கட்டளையிட்டவர் யார்? குற்றம் நம்முடையதே.

கீறலைப் போக்கும் வழியை அறியுமுன், காரின் பூச்சு அமைந்த விதத்தை அறிதல் வேண்டும். தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், யாவற்றுக்கும் மேலாக 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற படலம் என்பதே இக்காலக் கார்களில் பெருவழக்கு. மேற்படலத்தின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்கி நிறத்தைக் காப்பது இதுவே. சுழிக்கீறல்கள் பெரும்பாலும் இப்படலத்தின் மேற்பரப்பிலேயே உள்ளன.

பாலிஷ் போடுவது கீறலை அடைப்பதன்று. கீறலின் ஆழம் வரையில் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமன்செய்வதே அது. மென்மையான பாலிஷ் கூட ஒவ்வொரு முறையும் மைக்ரான் கணக்கில் படலத்தைக் குறைக்கிறது. குறைந்தது மீண்டும் வளராது. ஆதலால் பாலிஷ் என்பது முதலிலிருந்து செலவழிப்பது போன்றது. வட்டியைக் கொண்டு ஈடு செய்ய இயலாது.

வேலை தொடங்குமுன் பதிவுச் சான்றிதழையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. 10 ஆண்டு கடந்த டீசல் கார்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களும் தில்லியில் ஓடலாகாது என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் நிலைநிறுத்தியது. 2025-இல் இவ்விஷயம் மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. காரின் எஞ்சிய ஆயுளுக்குத் தக்க அளவே செலவு செய்தல் அறிவுடைமை.

வேலைக்கு ஏற்ற பருவம் பிப்ரவரி, மார்ச், அல்லது அக்டோபர் மாதத்து நிழலான காலைப்பொழுது. மே மாத வெயிலில் தகடு கொதிக்கும். பாலிஷ் உடனே காய்ந்து கறையாகும். முதலில் மேலிருந்து கீழாக நீர் ஊற்றி மணலை இறக்குக. பின்னர் இரு வாளிகள் வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் துணியை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் நீரில் அலசிய பின்னரே ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். சக்கரத்தை ஒட்டிய கீழ்ப்பகுதிகளைக் கடைசியில் கழுவுக. கழுவிய பிறகும் விரலுக்குச் சொரசொரப்பாகப் படுமாயின், 'கிளே பார்' என்னும் களிக்கட்டியைச் சோப்பு நீர் தெளித்து மெதுவாக ஓட்டி எடுக்கலாம். அது தரையில் விழுந்துவிட்டால் எறிந்துவிடுக, மீண்டும் பயன்படுத்தலாகாது.

அடுத்து, ரப்பர் விளிம்புகளையும் பிளாஸ்டிக் பகுதிகளையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைக்க. பிறகு நகத்தை ஒரு கீறலின் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்குமாயின் அது ஆழமான கீறல்; அதனை விட்டுவிடுவதே நன்று. தடுக்காதவற்றையே நாம் போக்க முயல்கிறோம்.

யாவற்றினும் மென்மையான பாலிஷைக் கொண்டு, ஓர் அடிச் சதுரமுள்ள ஒரே இடத்தில் முதலில் சோதனை செய்க. காஷ்மீரி கேட் கடைவீதியில் இதற்கான பஞ்சு வில்லைகள் கிடைக்கும். கையால் தேய்ப்பது மெதுவான வேலை, எனினும் தவறு நேர்வது அரிது. இயந்திரம் வேண்டுமெனில், சுழன்றுகொண்டே அலையும் 'டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்' புதியவர்க்கு ஏற்றது. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் இயந்திரம் பழகிய கைக்கே உரியது. பயற்றளவுத் துளிகள் மூன்று நான்கு இட்டு, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறு குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை மெதுவாகத் தேய்க்க. பின்னர்த் துடைத்து, நீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையை நீக்கி, டார்ச் ஒளியில் பார்க்க. அத்திரவம் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் சிகரெட்டும் அருகில் கூடா. எண்ணெயை நீக்காமல் பார்ப்போமாயின், வணிகர் நம்மை ஏமாற்றியது போல் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

வெள்ளைத் துணியில் காரின் நிறம் ஏறுமாயின், அக்காருக்குத் தனி மேற்படலம் இல்லை, அல்லது அது தேய்ந்து போயிற்று என்று பொருள். அங்கே வேலையை நிறுத்திக்கொள்க. விளிம்புகளிலும் மேடான கோடுகளிலும் பூச்சு மெலிதாக இருக்கும், அவ்விடங்களைத் தவிர்க்க. இதை நாம் பட்டே அறிந்தோம். பானெட்டின் விளிம்பில் எஞ்சிய ஒரு கீறலையும் விடக்கூடாது என்று பிடிவாதமாகத் தேய்த்தோம். திடீரென ஒரு விரற்கடை நீளத்துக்கு நிறம் மங்கி வெளிறிற்று. படலமே போய்விட்டது! எந்தப் பாலிஷும் அதனை மீட்கவில்லை. பானெட் முழுவதற்கும் புதிதாகப் பெயிண்ட் அடிக்க நேர்ந்தது. நூற்றில் எழுபது எண்பது கீறல்கள் மறைந்தாலே வெற்றி என்று கொள்வீராக.

முடிவில் மெழுகோ, சீலண்ட் என்னும் காப்புப் பூச்சோ மெல்லியதாக இட்டுத் துடைத்தால் வேலை நிறைவுறும். எனினும் அன்றாடப் பழக்கம் மாறாவிடில், ஒரே மாதத்தில் சிலந்தி வலை திரும்பவும் பின்னப்படும். உலர்ந்த புழுதியைத் துணியால் துடைப்பதை அறவே விடுக. புழுதி படிந்த காரின்மேல் உறை போடுவதும் தீங்கே. காற்றில் உறை அசைய, மணல் தேய்க்கும். குழாய் பிடித்துக் கழுவுவதும் வேண்டா: 2024 மே மாதத்துத் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, அவ்வாறு கழுவுவோருக்கு 2000 ரூபாய் அபராதம் என்று தில்லி அரசு அறிவித்ததை நினைவிற் கொள்க. வாரம் ஒரு முறை மூன்று நான்கு வாளி நீர் போதும்.

எம் காரைத் துடைக்கும் இளைஞரை நாம் நீக்கவில்லை. ஆறு மைக்ரோஃபைபர் துணிகளும் இரண்டாவது வாளியும் வாங்கிக் கொடுத்தோம். நாள்தோறும் துடைக்க வேண்டா, வாரம் ஒருமுறை கழுவினால் போதும், சம்பளம் குறையாது என்றோம். காரணத்தை டார்ச் ஒளியில் காட்டி விளக்கியதும் அவர் உடனே புரிந்துகொண்டார். அதற்குப் பின் மீண்டும் பாலிஷ் போடும் தேவை எமக்கு நேரவில்லை.