பகல் உறக்கமும் மோடாஃபினில் மாத்திரையும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து எங்களிடம் வருவோரில் சிலர், "தூக்கம் வராமலிருக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கின்றனர். இருப்பது உண்மைதான். மோடாஃபினில் என்பது அதன் பெயர். ஆர்மோடாஃபினில் அதே வகையைச் சேர்ந்தது. ஆயினும் கேட்டவுடன் நாங்கள் அதை எழுதுவதில்லை.

இரவெல்லாம் இறால் வலையோடு விழித்திருந்து, விடியலில் கரை சேர்ந்து, ஏலம் முடித்து, வலையையும் சீராக்கிவிட்டு மூன்று மணி நேரமே படுப்பவருக்குப் பகலில் கண் சொருகுவது நோயன்று. அவருக்குத் தேவை உறக்கமே. பகலில் உறங்குவோருக்கு இருட்டான அறை வேண்டும். வீட்டார் ஏழு மணி நேரமாவது எழுப்பாமலிருக்க வேண்டும். பாடு முறையில் தம் முறை வராத இரவுகளை உறக்கத்துக்கே ஒதுக்கலாம்.

போதுமான அளவு உறங்கிய பின்னும் தூக்கம் தள்ளுகிறது என்றால்தான் நாங்கள் நோயைத் தேடுகிறோம். முதலில் விசாரிப்பது குறட்டையை. அதற்குப் பதில் சொல்லத் தக்கவர் நோயாளியல்லர், அருகில் படுப்பவர்! உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பதோ குறைவதோ, கடுமையான நிலையில், மணிக்கு 30 தடவை அல்லது அதற்கு மேலும் நிகழும். சளிக்கு உண்ணும் மாத்திரை, மது, இரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு ஆகியனவும் காரணமாகலாம். சிரிக்கும்போது முழங்கால் துவளுகிறது என்றால் நார்கோலெப்சி என்னும் அரிய நரம்பு நோயையும் ஐயுறுவோம்.

அந்த நார்கோலெப்சிக்காகவே மோடாஃபினில் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூச்சடைப்பு நோயாளர்க்கும் இரவுப்பணி செய்வோர்க்கும் அனுமதி 2004-இல் வந்தது. ஐரோப்பிய மருந்து முகமையோ 2010-இல் பக்கவிளைவுகளை மறுஆய்வு செய்து, நார்கோலெப்சிக்கு மட்டும் போதும் என்று பரிந்துரைத்தது. எங்கள் நடைமுறையும் அந்த எச்சரிக்கையை ஒட்டியதே.

மூச்சடைப்புக்குக் காற்றழுத்தக் கருவி பெற்றவர்கள் இதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். மாத்திரை விழிப்பைத் தரும். அடைத்த தொண்டையைத் திறக்காது. "இப்போது தூக்கமே வருவதில்லை" என்று கருவியைக் கழற்றி வைப்பவருக்கு இரத்த அழுத்தமும் இதயப் பாதிப்பும் சத்தமின்றி வளரும்.

வழக்கமான அளவு 200 மில்லிகிராம், காலையில் ஒரு வேளை. இரவுப்பணியாளர்க்கு வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பு. மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய 15 மணி நேரமாகும். ஆகவே நேரம் தவறி விழுங்கினால் அடுத்த உறக்கமும் கெடும். தொழிலுக்குப் போகும் நேரம் நாளுக்கு நாள் மாறுமாயின் அதை எங்களிடம் சொல்லுங்கள்.

கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களுக்கு அதன் பலன் இம்மருந்தால் குறையும். நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வேறு முறை வேண்டும். கருவுற்றோர் இதைத் தவிர்க்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் தணிந்துவிடும். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள். இதய நோயுள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். படகில் உடன் வருபவருக்கு ஒன்றைப் பகிர்ந்து கொடுப்பது கூடவே கூடாது.

மாத்திரை தொடங்கிய முதல் நாள்களில் தனியாகப் படகு செலுத்த வேண்டாம். பொன்னேரிச் சாலையில் இருசக்கர வண்டியும் ஓட்ட வேண்டாம். முதன்முறை வரும்போது, இரு வாரங்கள் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, உங்கள் குறட்டையைக் கேட்பவரையும் அழைத்து வாருங்கள்.