பொதுவெளியில் பிறர் படம்: சட்டமும் மார்க்க நெறியும்

சில ஆண்டுகளுக்கு முன், இராயபுரத்திலிருந்து எம் கல்லூரிக்கு வந்து ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் சுவர் நாட்காட்டி ஒன்றை என் மேசைமேல் விரித்து வைத்தார். ஒரு தொண்டு அமைப்பு அச்சிட்டு விநியோகித்த நாட்காட்டி அது. ஜூன் மாதத் தாளில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் விடியற்காலைக் காட்சி. கூடைகளுக்கு நடுவே அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் கையை உயர்த்தி, வாய் திறந்தபடி நிற்கிறார். படத்தின் அடியில், வறுமையிலும் வாடாத முகம் என்ற பொருள்பட ஒரு வரி. படமெடுத்தவர் அந்த மாணவர்தாம்; அடியில் உள்ள வரி அச்சிட்டவர்கள் சேர்த்தது.

அந்தப் பெண்மணியின் உறவினர் ஒருவர் மருந்துக்கடைச் சுவரில் இதைப் பார்த்துவிட்டார். செய்தி அவர் காதுக்குப் போயிற்று. அவர் வறியவர் அல்லர். மீனை ஏலம் கூறி விற்பவர். படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து வாங்குமளவு கைப்பொருள் உடையவர். பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். படத்தில் வாய் திறந்திருப்பது அழுகையால் அன்று, ஏலம் கூறும் குரலால். தம்மைக் கேளாமல் எடுத்ததைவிட, தம்மை ஏழையாக்கி ஊரெங்கும் மாட்டியதே அவரை வருத்தியது. மாணவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “ஹஜ்ரத், தெருவில் நின்றவரைத்தானே எடுத்தேன், இது குற்றமாகுமா?”

உருவப்படம் ஆகுமா ஆகாதா என்ற பழைய வழக்கை நான் எடுத்து விரிப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அந்த வழக்கு நமக்குப் புதிதன்று. எகிப்தின் முஃப்தியாயிருந்த ஷைக் முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்), ஒளிப்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்துவதே, படைப்புக்கு ஒப்பாக வரைவது அன்று என்று வாதிட்டுத் தனி நூலே எழுதினார். நம் துணைக்கண்டத்து முஃப்தி முஹம்மது ஷஃபீஃ (ரஹ்) அதற்கு மாறான நிலையை நிறுவித் தாமும் ஒரு நூல் யாத்தார். இரு தரப்பாரும் ஆராய்ந்தது உருவத்தை ஆக்குவது பற்றி. மாணவரின் கேள்வியோ உருவத்துக்கு உரியவர் பற்றியது. முதல் கேள்விக்கு ‘ஆகும்’ என்று விடை கூறியவர்களும் இரண்டாவதற்கு விடை கூறியாக வேண்டும். அதை நாம் அதிகம் பேசியதில்லை.

முதலில் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். பொது இடத்தில் நிற்பவரை அவர் இசைவின்றிப் படமெடுப்பதைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. குறிப்பிட்ட தீங்குகளுக்கே தண்டனை உண்டு. ஒரு பெண் தன்னை எவரும் பாரார் என்று நம்பும் சூழலில், அந்தரங்கச் செயலில் ஈடுபட்டிருக்கையில் படமெடுப்பது 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354சி பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவாக விளங்குகிறது. எடுப்பதற்கு மட்டும் இசைந்து, பரப்புவதற்கு இசையாத பெண்ணின் அத்தகைய படத்தைப் பரப்புவதும் அதன்படி குற்றமே. 2008-இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, மறைவுறுப்புகளை இசைவின்றிப் படமெடுப்பதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பொது இடமாயினும் அது பொருந்தும். ஆனால் இவற்றின் எல்லை குறுகியது. வீட்டின் முன் வெளிப்படையாக நின்ற பெண்ணைப் படமெடுத்தது 354சி பிரிவின் கீழ் வராது என்று கேரள உயர்நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கொன்று இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதியதாகக் கூறப்பட்ட வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது அதிகாரிகள் தடுக்க முனைந்தனர். 1994-இல் அவ்வழக்கைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், தன்னைத் தனியே விட்டுவிடக் கோரும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் உறுப்பில் அடங்கியது என்றும், ஒருவரின் தனிவாழ்வை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்றும், பொது ஆவணத்தில் ஏறிய செய்திகள் இதற்கு விலக்கு என்றும் கூறியது. 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமையாகவே உறுதிசெய்தது. பொது இடத்தில் நிற்பதனாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. கருத்து உயர்ந்தது, எனினும் ஏலக்கூடத்தில் நின்ற பெண்மணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவார்?

பதிப்புரிமைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் நிலை இன்னும் வியப்பானது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூலி பேசி எடுப்பித்தாலன்றிப் படம் எடுத்தவருக்கே உரியது; 2012 திருத்தத்துக்குப் பின் அவ்வுரிமை அவர் ஆயுள்காலமும் அதன்பின் அறுபது ஆண்டுகளும் நீடிக்கும். முகத்துக்கு உரியவருக்கு அப்படத்தில் ஒரு பங்கும் இல்லை.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இன்னொன்றையும் காணலாம். துறைமுக வாயில்களிலும் பெரிய ஆலைகளின் மதில்களிலும் படமெடுக்கத் தடை என்ற பலகை தொங்குகிறது, காவலர் நிற்கிறார். தடை செய்யப்பட்ட இடங்கள் என்று அரசு வகுத்தவற்றைக் காக்க 1923-ஆம் ஆண்டு அலுவலக இரகசியச் சட்டம் இன்றும் இருக்கிறது. பளுதூக்கிப் பொறிக்குக் காவல் உண்டு. அதே மதிலின் நிழலில் மூன்று சக்கர வண்டியின்மேல் உறங்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கு இல்லை. காட்சிக் கூடங்களில் அத்தகைய உறங்கும் முகங்களை எத்தனையோ பார்த்துவிட்டோம். விழிக்கும் வரை உறங்குபவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நாமறிந்த நபிமொழியின் கருத்து. தம் செயலுக்கே பொறுப்பேற்க முடியாத நிலையில் இருப்பவரின் மௌனத்தை இசைவாகக் கொள்வது எந்த மத்ஹபிலும் பொருந்தாது.

இனி ஷரீஅத்தின் பார்வை. தெருக்களில் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்தபோது, அங்கேதானே நாங்கள் கூடிப் பேசுகிறோம் என்று தோழர்கள் முறையிட்டனர். அப்படியாயின் தெருவுக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று கூறி, அவற்றுள் முதலாவதாகப் பார்வையைத் தாழ்த்துவதையும், அடுத்துப் பிறருக்குத் தீங்கிழையாமையையும் எண்ணிக் காட்டினார்கள். அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தெரு பொதுவானது என்பதனாலேயே அதில் பார்ப்பவருக்குக் கடமைகள் எழுகின்றன என்பது இதன் உட்பொருள். கதவின் துளை வழியே தம் இல்லத்தை எட்டிப் பார்த்தவரை நபிகளார் கடிந்தபோது, அனுமதி கேட்கும் முறை வகுக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்றார்கள். பார்வைக்கே அனுமதி வேண்டுமென்றால், பார்வையை நிலைநிறுத்தி ஆயிரம் பேருக்குப் பகிரும் கருவிக்கு என்ன கூறுவது? ஆயினும் அந்நபிமொழி வீட்டைப் பற்றியது. அதைக் கொண்டு கடைத்தெருவைத் தீர்ப்பது பொருத்தமற்ற கியாஸ் என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பை நான் ஏற்கிறேன். பொருத்தமான இடம் வேறு.

அது புறம் பேசுதல் பற்றிய பாடம். ஒருவர் வெறுக்கும் விதத்தில் அவரைக் குறிப்பிடுவதே புறம். கூறியது உண்மையாயின் அது கீபத், பொய்யாயின் புஹ்தான் என்னும் அவதூறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் நாவின் கேடுகளை ஆராயுமிடத்தில், புறம் நாவோடு நிற்பதில்லை, சைகையும் பாவனையும் எழுத்தும் அதில் அடங்கும் என்று விளக்குகிறார்கள். ஒரு பெண்மணியின் குள்ள உருவத்தை அன்னை ஆயிஷா (ரலி) குறிப்பால் காட்டியபோது, அது கடல்நீரையே மாற்றிவிடத்தக்க சொல் என்று நபிகளார் கண்டித்த செய்தி நாமறிந்ததே. ஓர் உருவத்தைக் கையசைவால் காட்டுவது புறமாகுமானால், அதே உருவத்தைத் தாளில் அச்சிட்டுக் காட்டுவது ஆகாதா? அவர் தோற்றம் உண்மைதானே என்ற சாக்கு இங்கு உதவாது; உண்மையாயிருப்பதுதான் கீபத்தின் நிபந்தனையே. எங்கள் நாட்காட்டியிலோ படம் உண்மை, அடியிலுள்ள வரி பொய். ஆகவே தாள் ஒன்று, குற்றம் இரண்டு.

அப்பெண்மணி முஸ்லிம் அல்லர். ஆகவே இது பொருந்தாது என்று எவரும் நழுவ வேண்டா. முஸ்லிமைப் புறம் பேசுவது போலவே முஸ்லிமல்லாத குடிமக்களைப் புறம் பேசுவதும் ஹராம் என்பது ஹனஃபி நூலான துர்ருல் முக்தாரில் தெளிவாகவே உள்ளது.

இந்த வாயிலின் வழியே நுழைவதில் இன்னொரு பயன் உண்டு. விலக்குகளும் அங்கேயே கிடைக்கின்றன. இமாம் நவவி (ரஹ்) ஆறு காரணங்களுக்காகப் பிறர் குறை கூறுவது ஆகுமென்று தொகுத்துள்ளார்கள். அவற்றுள் முதன்மையானது அநீதிக்குள்ளானவர் முறையிடுவது. அடுத்தது தீமையை அகற்ற உதவி தேடுவது. எச்சரிப்பதும் அதில் உண்டு. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. வாளிகளில் இளைஞர்கள் அதை அள்ளிய காட்சி உலகெங்கும் பரவியபின்தான் நாட்டின் கவனம் அங்கே திரும்பியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, படகிலும் வலையிலும் உடலிலும் கருமை படிந்த மீனவர்களின் படங்கள் வெளியாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணை தொடங்கியது. அந்த மீனவர்கள் தம் எண்ணெய் படிந்த கைகளைத் தாமே கருவியின் முன் நீட்டிக் காட்டினர். அது முறையீடு. அப்படங்களையும் நாட்காட்டிப் படத்தையும் ஒரே தட்டில் வைப்பவர், வழக்காடுபவரின் சாட்சியத்தையும் திண்ணைப் பேச்சையும் ஒன்றென்பவர். தடைச் சட்டம் ஒன்று வந்தால் எல்லாம் தீரும் என்போர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலைகளுக்கு அத்தகைய சட்டத்தைவிட இனிய பரிசு வேறிராது.

தூய்மைப் பணியாளர்களின் துயரைப் படமாக்கிப் பெயர் பெற்ற பழனிகுமார் போன்ற கலைஞர்கள் வடசென்னைப் பிள்ளைகளுக்கே படமெடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கருவி அவர்கள் கைக்குப் போனபின் கேள்வியின் வடிவம் மாறிவிடுகிறது. தன் சின்னம்மாவைப் படமெடுக்கும் சிறுமி மறுநாளும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வந்து எட்டு மணிக்குத் திரும்பிவிடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முஸ்லிம்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், மண்ணடியிலோ இராயபுரத்திலோ சாமான் வாங்கப் போன ஏதோ ஒரு சகோதரியின் புர்கா அணிந்த படத்தைப் பத்திரிகைகள் சேர்ப்பது நமக்குக் குமுறலாக இருக்கிறது, குமுறல் நியாயமே. ஆனால் ரமலானில் அரிசிப் பை பெறும் விதவையின் முகத்தை நாம் என்ன செய்கிறோம்? தையல் இயந்திரம் ஒன்று, பின்னால் பொறுப்பாளர்கள் பன்னிருவர், நடுவே தலைகுனிந்து ஒரு பெண். அவ்வரிசையில் எம்போன்ற ஆலிம்களும் நின்றிருக்கிறோம். 2015 வெள்ளத்தில் நான் நின்ற படமொன்று இன்னும் எங்கோ இருக்கும். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று திருக்குர்ஆன் (2:264) எச்சரிப்பதை ஓதிக்கொடுப்பவர்கள் நாம். கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்பார்கள். கணக்குக்குக் கையொப்பம் போதும்.

மாணவரிடம் திரும்புவோம். புறம் பேசியவர் அதற்குரியவரிடம் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டுமா, அல்லது அவருக்காகத் துஆ செய்வது போதுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சொல்வதனால் அறியாத நோவு புதிதாக உண்டாகுமே என்பது பின்னவர்களின் காரணம். இங்கே அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆகவே போய்க் கேட்பதுதான் வழி என்றேன். தனியே போக அஞ்சினார். நானும் உடன் சென்றேன்.

அதிகாலை ஏலம் முடிந்து அந்த அம்மா கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மாணவர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை கை நிறுத்தவில்லை. பிறகு நாட்காட்டித் தாளை வாங்கி, தூரத்தில் பிடித்துச் சற்று நேரம் பார்த்தார். “படம் நல்லாத்தான் கீது, பாய். கீழ எழுதிக்கிறத மட்டும் எடுத்துடச் சொல்லு” என்றார். அச்சாகி ஊரெங்கும் போய்விட்டதே என்று மாணவர் சொன்னார். “அப்போ போன எடத்துக்கெல்லாம் நீதான் போய்ச் சொல்லணும், தம்பி” என்று கூறிவிட்டு அடுத்த கூடையை எடுத்தார். மருந்துக்கடை உள்ளிட்டு ஏழு இடங்களில் மாணவர் அத்தாளை மாற்றி வைத்தார். மற்றவை எங்கெங்கு தொங்கின என்பது அச்சிட்டவர்களுக்கே தெரியவில்லை.